படுத்துக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காதவர்

செம்பட்டியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது யாருடைய சைக்கிளாவது கீழே சாய்ந்து கிடந்தால், அவர் போய் அதை நிமிர்த்தி ஸ்டாண்டு போட்டுவிட்டுத்தான் வருவார். யாருடையது என்று அவருக்குத் தெரியாது. ஒருமுறை சைக்கிள்காரன் டீக்கடையிலிருந்து ஓடி வந்து, "யோவ், எதுக்குய்யா வண்டியத் தொடுற?" என்று சண்டைக்கே வந்துவிட்டான்.

"படுத்துக் கெடந்துச்சு தம்பி" என்றார்.

அவன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். டீயைக் குடிக்கத் திரும்பிப் போய்விட்டான்.

பிள்ளைகளா, நம் பக்கத்து வீட்டில் இருந்தாரே, நீங்கள் மாட்டுத் தாத்தா என்று கூப்பிடுவீர்களே, அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்கு அவர் மாமா. ரத்த சொந்தம் இல்லை, பழக்கத்தில் வந்த முறை. அவர் மனைவியை நான் அத்தை என்பேன். நான் பத்தாவது வரை படித்தவன், குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். எழுதிப் பழக்கமில்லை. முன்னும் பின்னுமாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த அத்தை எப்படிச் செத்தாள் என்பதைப் பற்றி ஊரில் ஒரு தப்பான பேச்சு இருக்கிறது. நம் வீட்டிலும் இருக்கிறது. அதை நீங்கள் உண்மை என்று நம்பிக்கொண்டு வளரக் கூடாது.

மாமாவுக்குப் பக்கத்து ஊர் மாட்டாஸ்பத்திரியில் வேலை. டாக்டர் இல்லை. மாட்டைப் பிடித்து நிறுத்துவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது. அதிலேயே காலம் போனதில் பாதி டாக்டர் ஆகியிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சித்தையன்கோட்டையைச் சுற்றித் தோட்டம், காடு வைத்திருப்பவர்கள் மாடு படுத்துவிட்டால் அவர் வாசலில்தான் வந்து நிற்பார்கள். "எந்திரிக்க மாட்டேங்குதுங்கய்யா" என்று சொல்லி முடிப்பதற்குள் மாமா சட்டையை மாட்டியிருப்பார். சோற்றில் கை வைத்திருந்தால்கூட உதறிவிட்டுக் கிளம்பிவிடுவார். அத்தை உள்ளேயிருந்து, "டாக்டரே, சோத்துக்கு மூடி போட்டு வைக்கவா, நாய்க்கு வைக்கவா?" என்று கேட்பாள். அவளுக்கு அவர் எப்போதும் டாக்டர்தான். கேலிதான், ஆனால் அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

நம் வீட்டில் முன்பு ஒரு ஜெர்சி மாடு இருந்தது. கன்று போட்ட மறுநாள் காலையில் படுத்தது எழவில்லை. தலையை வயிற்றுப் பக்கம் மடக்கி வைத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக் கிடந்தது. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. உங்கள் அம்மா அழுதுகொண்டே போய் மாமாவைக் கூட்டி வந்தாள்.

"சுண்ணாம்புச் சத்து பூராம் பாலோட எறங்கிருச்சு" என்றார் மாமா. சாக்கில் வைக்கோலைத் திணித்து மாட்டின் இரண்டு பக்கமும் அண்டை கொடுத்து, அது ஒரு பக்கமாகச் சாயாமல் உட்கார வைத்தார். உத்தரத்தில் பாட்டிலைக் கட்டி, கழுத்து நரம்பில் ஊசியைப் போட்டார். ஒரு கையால் குழாயை நசுக்கிப் பிடித்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். இன்னொரு கையை மாட்டின் முன்னங்காலுக்குப் பின்னால் வைத்திருந்தார். அந்தக் கையை எடுக்கவே இல்லை.

"அங்க என்ன மாமா பாக்குறீங்க?"

"நெஞ்சு. வேகமா எறங்குனா நின்னுரும். எழுப்புறதும் இந்த மருந்துதான், கொல்றதும் இந்த மருந்துதான்."

பாட்டில் காலியானதும் மாடு ஒரு ஏப்பம் விட்டது. உடம்பு நடுங்கியது. சாணி போட்டது. ஆனால் எழவில்லை. "ஏலே, யாராச்சும் ஒரு நாயக் கொண்டாங்கப்பா" என்று கத்தினார். எதிர்வீட்டு நாயை இழுத்து வந்து கன்றுக்குப் பக்கத்தில் காட்டினோம். அவ்வளவுதான், தாய்மாடு சட்டென்று நான்கு காலில் நின்றுவிட்டது. கூடி நின்றவர்கள் கைதட்டினார்கள். மாமா முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை, அவர் மகன் பிறந்தபோதுகூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று அத்தை சொன்னாள்.

"மருந்து பாதி, நாய் பாதி" என்பார் மாமா. இன்னொன்றும் அடிக்கடி சொல்வார்: "படுத்தது படுத்தே கெடந்தா அம்புட்டுதான் அப்பு. எதையும் கெடக்க விடாத."

எதையும் என்றால் எதையும்தான். ஒரு வருஷம் ஆடிக் காற்றில் ஒருவர் தோட்டத்தில் வாழை பூராவும் சாய்ந்துவிட்டது. குலை தள்ளாத மரங்கள். தோட்டக்காரர், "விடுங்கய்யா, வெட்டித்தான் போடணும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மாமா பொழுது சாயும் வரை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கம்பு கொடுத்துக்கொண்டிருந்தார். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. பிழைக்காது என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

நான் ஒருமுறை விஷக்காய்ச்சல் வந்து கிடந்தேன். வந்து பார்த்த மாமா எனக்கு இரண்டு பக்கமும் தலையணை அண்டை கொடுத்து உட்கார வைத்துவிட்டார். சாய்ந்தால் வந்து நிமிர்த்துவார். உங்கள் அம்மா பொறுக்க முடியாமல், "அவுக என்ன மாடா சித்தப்பா?" என்று கேட்டாள்.

"மாடா இருந்தா இந்நேரம் எந்திரிச்சிருப்பான்" என்றார்.

நாங்கள் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இப்போது நினைத்துப் பார்க்கும்போது சிரிப்பு வரவில்லை.

அத்தைக்கு அறுபத்தைந்து தாண்டியதும் தொடையில் பலம் போய்விட்டது. தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. சுவரைப் பிடித்து, முட்டியில் கையை ஊன்றி, "முருகா" என்று எழுவாள். பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிடுவாள். மாமா எதிரே நின்றுகொண்டு, "எந்திரி, எந்திரி" என்பார்.

"எந்திரிக்கத்தான் பாக்குறேன். நாயக் கொண்டாந்து காட்டுங்க, எந்திரிச்சிர்றேன்."

கேலி பேசிக்கொண்டிருந்தவள் ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டாள். என் வண்டியில்தான் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனோம். அத்தை என் பக்கத்தில் உட்கார, மாமா பின்னால் தேங்காய்ச் சாக்கின்மேல் உட்கார்ந்து வந்தார்.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார், ரத்தமும் எடுத்துப் பார்த்தார். "எலும்பு ஒண்ணும் முறியலை. ஆனா வைட்டமின் டி ரொம்பக் கொறைச்சலா இருக்கு. அதான் தொடையில பலம் இல்லை, அதான் விழுறாங்க" என்றார்.

"அது வெயில்ல கெடைக்கிற சத்துல்ல சார்? எங்க ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்?" என்றார் மாமா. மாட்டுக்கான வைட்டமின்களை எல்லாம் பெயர் பெயராக அறிந்தவர் அவர்.

"எனக்கு அடுப்படி வெயிலுதான் சார்" என்றாள் அத்தை.

டாக்டர் சிரித்துவிட்டார். வயதாக ஆக, வெயில் பட்டாலும் தோல் அந்தச் சத்தை முன்போலச் செய்யாது என்றும், முட்டி வலிக்கிறது என்று வீட்டுக்குள்ளேயே இருந்தால் இன்னும் குறையும் என்றும் பொறுமையாகச் சொன்னார். பொடிப் பாக்கெட் எழுதிக் கொடுத்தார். வாரத்துக்கு ஒன்று, பாலில் கலந்து, எட்டு வாரம். கூடவே தினமும் ஒரு கால்சியம் மாத்திரை, சில நாளைக்கு வலி மாத்திரை. எட்டு வாரம் கழித்து வந்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். இதை அவர் இரண்டு தடவை சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

சனிக்கிழமை முதல் பாக்கெட் கொடுத்தார்கள். திங்கட்கிழமை காலையில் மாமா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "அப்பு, ஓடியா, ஓடியா" என்று கூப்பிட்டார். போனால் அத்தை அடுப்படியில் நின்றுகொண்டிருக்கிறாள். யாரும் பிடிக்காமல் தானாக எழுந்தாளாம்.

"ஒரே பாக்கெட்டு! எந்திரிச்சிட்டா பாத்தியா?"

ஒரு பாக்கெட்டில் இரண்டு நாளில் அப்படி நடக்காது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். டாக்டர் கொடுத்த வலி மாத்திரையாக இருக்கலாம். எலும்பு முறியவில்லை என்ற தைரியமாகவும் இருக்கலாம். ஆனால் மாமா ஒரே பாட்டிலில் மாடு எழுந்து நிற்பதைக் கண்ணால் பார்த்தே வாழ்ந்தவர். அவர் வேறு எப்படி நினைப்பார்?

அன்றைக்கே இரண்டாவது பாக்கெட்டைப் பிரித்தார்.

"வாரத்துக்கு ஒண்ணுன்னுல்ல மாமா சொன்னாரு?"

"வாங்க வக்கில்லாதவன் இருக்கான்ல, அவனுக்கும் சேத்து அப்படி எழுதுறாங்க. நமக்கென்ன, பென்சன் வருதுல்ல."

"கூடிப் போச்சுன்னா?"

"சத்து மருந்துடா இது. கூடுனா ஒண்ணுக்குல போயிரும். பி காம்ப்ளெக்ஸ் போட்டா மஞ்சளாப் போகுதே, பாத்ததில்ல?"

பார்த்திருக்கிறேன். அதனால் நம்பினேன். இதை மட்டும் நீங்கள் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மஞ்சள் மாத்திரை தண்ணீரில் கரைகிற சத்து. பெரும்பாலும் வெளியே போய்விடும். இந்தப் பொடி கொழுப்பில் கரைகிற சத்து. உடம்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும், சேர்ந்துகொண்டே போகும். சேர்ந்தால் ரத்தத்தில் சுண்ணாம்பு, அதாவது கால்சியம், ஏறிவிடும். நாளைக்கு எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் வயதாகி யாராவது டாக்டர் இதை எழுதிக் கொடுத்தால், கொடுங்கள், நல்ல மருந்துதான். வாரத்துக்கு ஒன்று என்றால் வாரத்துக்கு ஒன்று. நிறுத்தச் சொன்ன நாளில் நிறுத்திவிட வேண்டும்.

அதிலிருந்து அத்தைக்குத் தினமும் ஒரு பாக்கெட். நான் தினமும் திண்டுக்கல்லுக்கு லோடு ஏற்றிப் போகிறவன். பாக்கெட் தீர்ந்ததும் நான்தான் வாங்கி வருவேன். மருந்துக்கடைக்காரர் முதலில் சீட்டைப் பார்த்தார். அப்புறம் முகம் பழகிவிட்டது, சீட்டுக் கேட்பதில்லை. நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ போனபோது, "என்ன டிரைவரே, எத்தன பேருக்கு வாங்குறீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு மூணு வீட்டுக்கு" என்றேன்.

ஏன் அப்படிப் பொய் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கு வரை தெரியவில்லை. மனதில் எங்கோ ஒரு மூலையில் அது தப்பு என்று பட்டிருக்கிறது. இல்லாவிட்டால் ஒருத்திக்குத்தான் என்று சொல்லியிருப்பேனே.

தை, மாசி இரண்டு மாதமும் அத்தை நன்றாக இருந்தாள். முக்குக் கடை வரை தானாகவே நடந்து போய் வந்தாள். மாமா பின்னாலேயே, கன்றுக்குட்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே போவார். எட்டு வாரம் முடிந்தது. ரத்தம் கொடுக்கப் போகவில்லை. "நடக்குறவளுக்கு எதுக்கு ரத்தம் எடுக்கணும்?" என்றார்.

பங்குனியில் அத்தை சோற்றை ஒதுக்க ஆரம்பித்தாள். தண்ணீர் மட்டும் சொம்பு சொம்பாகக் குடித்தாள். வெயில் காலம்தானே என்று எல்லோரும் நினைத்தோம். வயிறு இறுகி வெளிக்குப் போகவில்லை என்றாள். குடித்த பாலை வாந்தி எடுத்தாள். சித்திரை பிறந்ததும் பேச்சு தடம் மாறியது. ஒருநாள் நான் உள்ளே போனபோது என்னைப் பார்த்து, "யாரு, எந்த ஊருங்க?" என்று கேட்டாள். தினமும் மூன்று தடவை பார்க்கிற முகம். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மாமா என்னைத் தனியே கூப்பிட்டு, "சத்து பத்தல அப்பு. மறுபடி சாயிறா" என்றார். அன்றிலிருந்து காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கால்சியமும் அப்படியே. மருந்து அவளைப் படுக்க வைத்தது. படுக்கப் படுக்க அவர் மருந்தைக் கூட்டினார். இதைத் தடுக்கக்கூடிய இடத்தில் உலகத்திலேயே நான் ஒருவன்தான் இருந்தேன். நான் இன்னும் ஒரு பெட்டி வாங்கி வந்தேன்.

ஒரு காலையில் கட்டிலில் அத்தை கழுத்தை ஒரு பக்கமாக மடக்கிக்கொண்டு கிடந்தாள். மாமா காதைத் தொட்டுப் பார்த்தார். கூப்பிட்டுப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "வண்டிய எடு" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறிக்கிடக்கிறது, கிட்னி அடிபட்டிருக்கிறது என்றார்கள். பார்த்தவர் ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு. என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டபோது மாமா பாக்கெட்டைக் காட்டி, "எழுதிக் குடுத்தபடிதாம்மா குடுத்தோம்" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மூன்று நாள் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஏற்றியதும் அத்தைக்கு நினைவு தெளிந்தது. திருப்பூரிலிருந்து மாமாவின் மகன் வந்துவிட்டார். எனக்கு மச்சான் முறை. டாக்டரம்மா கையில் தாளுடன் வந்தார்.

"வாரத்துக்கு ஒண்ணு சாப்பிட்டா இந்த அளவுக்கு ஏறாது. யாரோ தினமும் குடுத்திருக்கீங்க. யாரு குடுத்தது?"

மச்சான் அப்பாவைப் பார்த்தார். மாமாவின் உதடு அசைந்தது. "நான்..." என்று ஆரம்பித்தார்.

"நாந்தான் டாக்டரம்மா" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அவரு கணக்காத்தான் எடுத்து வச்சாரு. எனக்கு வலி தாங்கல. அவரு இல்லாத நேரமாப் பாத்து எடுத்துத் தின்னுட்டேன்."

"ஏம்மா, உனக்கு அறிவு இருக்கா? மிட்டாயா அது?" என்று மச்சான் கத்தினார்.

"வலிச்சுச்சுடா" என்றாள் அத்தை.

மாமா தலையைத் திருப்பிக்கொண்டார். அத்தைக்கு இறங்கிக்கொண்டிருந்த பாட்டிலைப் பார்த்தார். பழக்கத்தில் கை தானாகக் குழாய்க்குப் போனது. "ஐயா, அதத் தொடாதீங்க" என்று நர்ஸ் அதட்டினாள். கையை இழுத்துக்கொண்டார்.

சாயங்காலம் மாமா இட்லி வாங்கப் போனபோது நான் அத்தையிடம் கேட்டேன். "ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?"

"ஊரு அவரத் தேடி வருதுல்ல அப்பு. அந்த மனுசனுக்கு அது ஒண்ணுதான் இருக்கு. பொண்டாட்டியவே படுக்க வச்சிட்டான்னு பேராச்சுன்னா எவன் மாட்டக் கொண்டாந்து காட்டுவான்?" கண்ணை மூடிக்கொண்டு, "நீயும் வாயத் தொறந்துறாத" என்றாள்.

சரி என்று தலையாட்டினேன். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தாள். பழைய அத்தையாக வரவில்லை; அடிபட்ட கிட்னி தேறவேயில்லை. பால் கூடாது, அது கூடாது, இது கூடாது என்று பட்டியல். முகம் வீங்கும், வடியும். ஊருக்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. எதிர்வீட்டு அக்கா வாசல் தெளித்துக்கொண்டே, "என்ன மதினி, இன்னைக்கு எத்தன பாக்கெட்டு?" என்று கேட்பாள்.

"ஒரு மூட்டை" என்று அத்தையும் சிரிப்பாள்.

நம் வீட்டில் நீங்கள் மிட்டாய்க்கு அடம் பிடித்தால், "பாக்கெட்டுப் பாட்டி மாதிரித் தின்னாதீங்க" என்று உங்கள் அம்மா சொல்வாள். நீங்கள் சிரிப்பீர்கள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

மாமாவைத் தேடி ஆட்கள் வருவது நிற்கவில்லை. அத்தை நினைத்தது நடந்தது. ஒருநாள் சேவுகம்பட்டியிலிருந்து கூப்பிட்டார்கள். என் வண்டியில் போனோம். மாடு படுத்துக் கிடந்தது. மாமா பாட்டிலைக் கட்டினார், ஊசியைப் போட்டார், நெஞ்சில் கையை வைத்தார். பாதி மருந்து இறங்கியிருக்கும். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து, மூச்சு வாங்குகிறதோ என்று பக்கத்தில் போனேன்.

"மாட்டுக்கு நெஞ்சுல கைய வச்சுக்கிட்டே ஏத்துறேன் அப்பு" என்றார் மெதுவாக. "அவளுக்கு எங்கடா வச்சேன் கைய?"

அந்த மாடு எழுந்துவிட்டது. வீட்டுக்காரர் சந்தோஷத்தில் ஒரு சீப்புப் பழம் கொடுத்தார். மாமா வாங்கவில்லை. அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் போகவில்லை. வாசலில் வந்து நிற்பவர்களிடம், "டாக்டரக் கூப்பிடுங்கய்யா, நான் டாக்டர் இல்ல" என்றார். எதைக் காப்பாற்ற வேண்டும் என்று அத்தை பழியை ஏற்றாளோ, அதை அவர் தானாகவே கீழே போட்டுவிட்டார். உள்ளே படுத்திருந்த அத்தைக்கு அது கேட்டிருக்கும்.

ஐப்பசி மழையில் அவளுக்கு முடியாமல் போயிற்று. சாப்பாடு இறங்கவில்லை. மாமா வழக்கம்போலத் தலையணைகளை அண்டை கொடுத்து உட்கார வைக்கப் போனார். நான் மருந்து கொடுக்கப் போயிருந்தேன். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைய எந்திரிக்க வைக்காதீங்க. செத்த நேரம் படுத்துக்கிறேன்."

கெஞ்சுகிற மாதிரி இருந்தது. மாமா தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்தார். அவர் ஒருவரைப் படுக்க விட்டதை நான் பார்த்தது அது ஒரு தடவைதான். மறுநாள் விடியும்போது அத்தை இல்லை.

வருஷத் திதிக்கு மச்சான் குடும்பத்தோடு வந்திருந்தார். சாமி கும்பிட்டு, கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்தார்கள். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அம்மா மட்டும் சொன்ன பேச்சக் கேட்டிருந்தா இன்னைக்கு நம்மளோட உக்காந்து சாப்பிட்டிருக்கும்" என்றார்.

மாமா நிமிர்ந்தார்.

"அவ ஒரு பாக்கெட்டத் தொடல. நான்தான் குடுத்தேன். தெனமும் குடுத்தேன். கடைசியில ரெண்டு வேளையும் குடுத்தேன்."

எல்லோர் கையும் இலையில் நின்றது. மச்சான் கண் கலங்கிவிட்டது. ஆனால் கோபத்தில் இல்லை.

"அப்பா, ஏன்ப்பா இப்படிப் பழியத் தூக்கித் தலையில வச்சுக்கிறீங்க? அம்மாவே சொல்லுச்சு, நான் என் காதால கேட்டேன்."

"பொய் சொன்னாடா."

"பாவம், மனசு கேக்கல அவருக்கு" என்று ஒரு பெரியவர் சொன்னார். பந்திக்குப் பின்னால் நின்ற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "இப்படி ஒரு புருசன் யாருக்குக் கெடைக்கும்" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் நம்பிக்கை இல்லை, இரக்கம்தான் இருந்தது. அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அப்பு, நீ சொல்லு. நீதான வாங்கியாந்த. நீ சொல்லுப்பா."

உங்கள் அம்மா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். மச்சான் என்னைப் பார்த்தார். என் கையில் ரசவாளி இருந்தது.

"சாப்பிடுங்க மாமா" என்றேன். "ரசம் ஊத்தவா?"

அவர் என் கையிலிருந்த வாளியையும் என் முகத்தையும் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் ரசத்தை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனேன்.

அந்த வாரமே மச்சான் அவரைத் திருப்பூருக்குக் கூட்டிப் போய்விட்டார். போகும்போது என்னிடம் வாரேன் என்றுகூடச் சொல்லவில்லை. போன மாசியில் அங்கேயே செத்துப் போனார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்தபோது மச்சான் சொன்னார், கடைசி நாட்களில் அப்பா கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லையாம். நடக்க முடியாமல் இல்லை. எழச் சொன்னால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாராம். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சாவு வீட்டில் எதற்கு என்று எனக்கு நானே ஒரு சாக்கு வைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டை விற்பதற்காக அடுத்த மாதம் மச்சான் ஊருக்கு வருகிறார். நம் வீட்டில்தான் தங்குவார். முதலில் உங்களிடம் சொல்லிவிட்டால் அவரிடம் சொல்ல வாய் வரும் என்றுதான் இத்தனையும் எழுதினேன். சொல்ல வேண்டியது நீளமும் இல்லை. "மச்சான், அப்பா அன்னைக்குப் பந்தியில சொன்னது அம்புட்டும் நெசம். அத்தை அதுல கை வைக்கவே இல்ல. வாங்கியாந்து குடுத்தவன் நான்."